குதிரை ஏற விடமாட்டேன் என்கிறது. பழக்கக் கோளாறா, தீவனக் கோளாறா?

பள்ளிகொண்டா விவசாயி:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம், மூன்று கறவை மாடு. போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போய் ஒரு மார்வாரி பெண் குதிரை வாங்கி வந்தோம். மகள் பத்தாவது படிக்கிறாள், அவளுக்காகத்தான் வாங்கியது. பல் பார்த்தவர் நாலு வயசு என்றார்.

வந்த புதிதில் ரொம்பச் சாது. மகள் ஏறி ஏரிக்கரை வரை நடையில் போய் வருவாள், யார் கிட்டப் போனாலும் முகத்தை நீட்டும். பொங்கலுக்கு அப்புறம் குணமே மாறிவிட்டது. சேணத்தைக் கையில் எடுத்தாலே காதைப் பின்னால் மடக்குகிறது, வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வருகிறது, ஏறி உட்கார்ந்தால் முதுகை வில் மாதிரி வளைத்துத் துள்ளுகிறது. மகள் ஒரு தடவை விழுந்துவிட்டாள், நல்லவேளை மணல், அடி எதுவும் இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். ஒரு நாள் முன்காலை நொண்டுவது போல இருக்கும், ரெண்டு நாளில் அது சரியாகிவிடும், அப்புறம் பின்காலில் தெரியும்.

தீவனம் என்றால், மாட்டுக்கு வெட்டும் கோ-4 புல்தான் இதற்கும், வயிறு நிறையப் போடுகிறோம். காலையும் மாலையும் ரெண்டு ரெண்டு கிலோ கோதுமைத் தவிடு, ஊறவைத்த கொள்ளு ஒரு கிலோ. பகலில் கொஞ்ச நேரம் ஆற்றுப் பக்கம் நீளக் கயிற்றில் கட்டி விடுவோம். இரவில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட தனிக் கொட்டகை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஒட்டிப் போகவில்லை.

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர் வந்து பார்த்தார். திமிர் ஏறிவிட்டது, முள் கடிவாளம் போட்டால் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும், நானே கொண்டு வந்து போடுகிறேன் என்கிறார். மகள் அழுகிறாள், வேண்டாம் என்கிறாள். எனக்கும் மனசு ஒப்பவில்லை, ஆனால் இப்படியே விட்டால் யாராவது அடிபடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. குதிரை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். கத்திரி வெயில் வேறு வரப்போகிறது, அதற்கும் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

காட்பாடி ரயில்:

நான் குதிரை வளர்க்கவில்லை, பக்கத்துத் தெருவில் ஊர்வலக் குதிரைகள் இருக்கின்றன, அவர்கள் எல்லாரும் அந்தக் கடிவாளம்தான் போடுகிறார்கள். குதிரை அடங்கித்தான் நிற்கிறது. பெண் பிள்ளை ஏறுகிற குதிரை என்பதால் ஒரு மாதம் அவரிடமே விட்டுப் பழக்கி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லை என்றால் விற்றுவிடுவது நல்லது.

ஆம்பூர் ஜட்கா வீட்டுப் பையன்:

காட்பாடி நண்பரே, நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், ஆனால் இது கூடவே கூடாது. பள்ளிகொண்டா அண்ணா, அந்த முள் கடிவாளத்தை உங்கள் வாசலுக்குள்ளேயே விடாதீர்கள். இழுவை, சுமை விலங்குகளுக்கான 1965 விதிகளில் முள்ளோ முனையோ வைத்த கடிவாளம் போடக் கூடாது என்று எழுதியே இருக்கிறது. இன்றும் ஊர்வலங்களில் போடுகிறார்கள் என்பது உண்மைதான், அதற்காக அது சரியாகிவிடாது.

கடிவாளம் எங்கே உட்காருகிறது என்று ஒரு தடவை குதிரையின் வாயைத் திறந்து பாருங்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே வெற்று ஈறு இருக்கும், அதன் மேல்தான். தோல் அவ்வளவு மெல்லிசு, அடியில் நேராக எலும்பு. அங்கே முள் குத்தினால் குதிரை நின்றுவிடும், அது அடக்கம் இல்லை, அசைந்தால் வாய் கிழியும் என்று தெரிந்து நிற்பது. அந்த வலியோடு ஒரு நாள் அது மேலே எழும்பி மல்லாக்க விழுந்தால் ஏறியிருக்கும் பிள்ளையின் கதி என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எங்கள் தாத்தா ஆம்பூர் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டியவர். குதிரை முரண்டு பிடித்தால் சாட்டையைத் தேடமாட்டார், முதலில் சேணத்தைக் கழற்றிவிட்டு உள்ளங்கையால் கழுத்திலிருந்து வால் அடி வரை மெதுவாக அழுத்திக்கொண்டே போவார். எங்கே தோல் துடிக்கிறது, எங்கே முதுகு கீழே இறங்குகிறது என்று பார்ப்பார். அப்புறம் நாலு குளம்பையும் தூக்கிப் பார்ப்பார், வாயைத் திறந்து பார்ப்பார். சாது குதிரை திடீரென்று மாறியது என்றால் பத்தில் ஒன்பது தடவை எங்கேயோ வலிக்கிறது என்று அர்த்தம், அதை அது வேறு எப்படிச் சொல்லும்?

நீங்களும் அதையே செய்யுங்கள். ஏறி இறங்கியதும் சேணத்தை எடுத்துவிட்டு முதுகில் வியர்வை எப்படி நனைந்திருக்கிறது என்று பாருங்கள். சுற்றி எல்லாம் நனைந்து நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்து கிடந்தால் அந்த இடத்தில் சேணம் அழுத்துகிறது. சந்தையில் குதிரையோடு கொடுத்த சேணமாக இருந்தால் அது வேறு குதிரையின் முதுகுக்குத் தைத்ததாகக்கூட இருக்கும். வாரை ஒரே இழுப்பில் இறுக்காதீர்கள், ஒரு துளை போட்டு நாலடி நடத்தி அடுத்த துளை போடுங்கள்.

லாடம் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? எழுதவே இல்லையே. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவ வேண்டும். நம் பக்கம் ஜட்கா போன பிறகு லாடம் அடிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். மாட்டுக்கு லாடம் கட்டுகிறவரைக் கூப்பிடாதீர்கள், மாட்டுக் குளம்பு ரெண்டாகப் பிளந்தது, குதிரைக் குளம்பின் அமைப்பே வேறு. ஆணி ஒரு நூல் உள்ளே போனாலும் சீழ் பிடித்துவிடும்.

கால்நடை மருத்துவம் படித்தவள்:

மேலே ஆம்பூர் தம்பி சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் சேணத்தைவிட எனக்கு உங்கள் தீவனப் பட்டியல்தான் கவலையாக இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கோ-4 புல்லில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். அது புல்லில் உள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடலில் சேரவிடாது. மாட்டுக்கு இதனால் பெரிய தொந்தரவு இல்லை, அதன் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் ஆக்சலேட்டை உடைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த வயிறே கிடையாது. அதனால் அதே புல், அதே அளவு, மாடு பால் கறக்கும், குதிரைக்கு உள்ளுக்குள் கால்சியம் வற்றும். இதற்கு மேல் தினம் நாலு கிலோ கோதுமைத் தவிடு. தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு இருக்கிறது. குதிரை சாப்பிடும் மொத்தத் தீவனத்தில் கால்சியம் பாஸ்பரஸைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், ஒன்றரை மடங்கு இருந்தால் நல்லது. உங்கள் தீவனத்தில் அது தலைகீழாக இருக்கிறது.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் இப்படி நடந்தால் எலும்பு பலம் இழக்கும், தசைநாண் எலும்போடு சேரும் இடங்களில் வலிக்கும். இன்று முன்கால், நாளை பின்கால் என்று மாறி மாறி நொண்டுகிறது என்றீர்களே, அது இந்த நோயின் முக்கியமான அடையாளம். முதுகில் பாரம் ஏறினால் துள்ளுவதும் இதனால் இருக்கலாம். இன்னும் முற்றினால் முகத்து எலும்பு ரெண்டு பக்கமும் வீங்கித் தலை பெரிதாகத் தெரியும். அந்தக் காலத்தில் மாவு மில் குதிரைகளுக்குத் தவிடே தீவனமாகப் போனதால் இது நிறைய வந்திருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், இந்த நோயில் ஆரம்பத்தில் குதிரை இளைக்க வேண்டும் என்று இல்லை.

நேரில் பார்க்காமல் இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணுக்குக் கீழே, கன்னமேட்டுக்கு மேலே ரெண்டு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள், மேடு தட்டுகிறதா? புல்லை மென்று உருண்டையாகத் துப்புகிறதா? மருத்துவரை வரவழைத்து ரத்தப் பரிசோதனைக்குக் கேளுங்கள். அப்படியே சர்ரா நோய்க்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள், அது மாட்டு ஈ கடித்துப் பரவுவது, உங்கள் கொட்டகை மாடுகளோடு ஒட்டியே இருக்கிறது. சந்தையில் வாங்கிய குதிரை என்பதால் கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்று இருக்கிறதா என்பதும் முக்கியம், அது மனிதருக்கும் தொற்றும். உள்ளூரில் முடியாவிட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போகலாம். அவசரம் என்றால் கால்நடை அவசர உதவி எண் 1962-க்குப் போன் செய்யுங்கள்.

மாற்றாக என்ன போடுவது என்று கேட்பீர்கள். நம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது, மல்லாட்டைக் கொடி, அதாவது நிலக்கடலைக் கொடி! பயறு வகைச் செடி, கால்சியம் நன்றாக இருக்கும். நன்கு காய்ந்து, பூசணம் இல்லாமல், மண்ணை உதறிப் போட வேண்டும், பூசணம் பிடித்த கொடியைக் குதிரைக்குக் காட்டவே கூடாது. வாய்க்கால் ஓரத்தில் ஒரு பாத்தி குதிரைமசால் விதைத்துவிடுங்கள், பெயரே அதுதானே. பச்சைக்கு அருகம்புல் மிக நல்லது. கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் உண்டு, அதை நம்பி இருக்க வேண்டாம். தவிட்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள், கொள்ளு இருக்கட்டும், ரெண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், குதிரைக்கு இரைப்பை சின்னது. எந்த மாற்றமும் பத்துப் பதினைந்து நாளில் மெதுவாகத்தான் செய்ய வேண்டும், ஒரே நாளில் மாற்றினால் வயிற்று வலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்று வலி அதற்கு உயிர்ப் பிரச்சினை.

மாடு வைத்திருக்கும் வீடு என்பதால் இன்னும் சில விஷயம். மாட்டுக் கலப்புத் தீவனம், கோழித் தீவனம் ரெண்டையும் எட்டாத இடத்தில் வையுங்கள். சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து சேர்த்திருப்பார்கள், கோழிக்கும் மாட்டுக்கும் ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். சூபாபுல் தழை போட்டால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். வேலியில் அரளி இருந்தால் வெட்டி எறியுங்கள், காய்ந்த இலைகூட விஷம். ஆற்றுப் பக்கம் சீமைக்கருவேலம் காய்த்துக் கொட்டும் காலத்தில் அங்கே கட்டாதீர்கள், இனிப்பாக இருப்பதால் நிறையத் தின்றுவிடும், குடலில் அடைத்துக்கொள்ளும்.

ஆற்றுப் பக்கம் கட்டி விடுகிறோம் என்றீர்கள், அங்கே மேயும்போது மணலும் வயிற்றுக்குள் போகலாம். நாலைந்து உருண்டை லத்தியைத் தரையில் படாத பக்கமாக எடுத்துத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் போட்டுக் கலக்கிக் கொஞ்ச நேரம் வையுங்கள். அடியில் மணல் படிகிறதா பாருங்கள்.

பள்ளிகொண்டா விவசாயி:

மேடம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் சொன்னபடி தடவிப் பார்த்தோம், கன்னமேட்டுக்கு மேலே ரெண்டு பக்கமும் லேசாக மேடு இருக்கிறது. மகள் போன வருஷம் எடுத்த போட்டோவோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. மென்ற புல் உருண்டையும் தொட்டிக்கு அடியில் கிடக்கிறது, நாங்கள் அது விளையாட்டாகச் சிந்துவது என்று நினைத்தோம். டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார், பார்த்ததுமே நீங்கள் சொன்ன நோயைத்தான் அவரும் சொன்னார், சுண்ணாம்புச் சத்துத் தூளும் எழுதிக் கொடுத்தார். பாட்டிலில் மணல் ஒரு விரல் கனத்துக்குப் படிந்தது. கிளாண்டர்ஸ் சான்று வாங்கும்போதே கொடுத்தார்கள், பத்திரமாக இருக்கிறது. லாடம் பொங்கலுக்கு முன்னால் அடித்தது, ஆம்பூர் தம்பி, அதை மாற்ற வேண்டும்.

அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. தவிட்டை நிறுத்தினால் குதிரை என்ன தின்னும், வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுகிறீர்களா என்கிறார். மாட்டுக்குப் போடும் தாது உப்பையே இதற்கும் போட்டால் போதாதா? மகள் கேட்பது ஒன்றுதான், திரும்ப எப்போது ஏறலாம்?

கால்நடை மருத்துவம் படித்தவள்:

மாட்டுத் தாது உப்பில் பாஸ்பரசும் சேர்ந்திருக்கும், இப்போது நமக்குத் தேவை கால்சியம் மட்டும். டாக்டர் எழுதியதையே அவர் சொன்ன அளவில் கொடுங்கள், தூளைச் சும்மா தொட்டியில் கொட்டினால் ஊதித் தள்ளிவிடும், ஈரக் கொள்ளோடு பிசைந்து கொடுங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், குதிரைக்கு வயிறு நிறைவது நார்ச்சத்தால்தான். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மென்றுகொண்டே இருக்க வேண்டிய பிராணி, காய்ந்த கொடியும் அருகும் எப்போதும் முன்னால் கிடந்தால் பட்டினி என்ற பேச்சே இல்லை. மணலுக்கு, தரையில் போடாமல் அகலமான தொட்டியில் போடுங்கள், தொட்டிக்கு அடியில் பழைய ரப்பர் விரிப்பு ஒன்று.

நொண்டல் சில வாரங்களில் குறைய ஆரம்பிக்கலாம். எலும்பு திரும்பப் பலமாவதற்கு மாதக்கணக்கு ஆகும், முகத்து மேடு முழுசாக வற்றாமலும் போகலாம். எலும்பு பலவீனமாக இருக்கும்போது ஓட விட்டால் முறியும் அபாயம் இருக்கிறது. டாக்டர் சொல்லும் வரை யாரும் ஏறவே கூடாது, ஒரு நாள் கூட.

ராணிப்பேட்டை அக்கா:

அண்ணா, எங்கள் வீட்டில் ரெண்டு குதிரை, அதனால் பாப்பாவின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஏறாத இந்த மாதங்கள் வீண் இல்லை பாப்பா. குதிரையோடு உண்மையான பழக்கம் தரையில் நின்றுதான் வரும். இப்போது அதற்குச் சேணம் என்றாலே வலி என்று மனசில் பதிந்திருக்கிறது, அதை நீதான் அழிக்க வேண்டும்.

தினமும் காலையில் பிரஷ் போட்டுத் தேய், நாலு குளம்பையும் தூக்கிச் சுத்தம் செய். அப்புறம் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து வீட்டைச் சுற்றி நடத்து. நீ நின்றால் அதுவும் நிற்க வேண்டும், நீ ஓரடி பின்னால் வைத்தால் அதுவும் பின்னால் போக வேண்டும். லேசாகக் கயிற்றில் அழுத்தம் கொடு, அது காலை எடுத்த நொடியே விட்டுவிடு. அழுத்தத்தால் அது கற்றுக்கொள்வதில்லை, அழுத்தம் விடும் அந்த நொடியில்தான் கற்றுக்கொள்ளும். ஆகவே கை விடுவது ரொம்பச் சீக்கிரம் நடக்க வேண்டும். வட்டமாகச் சுற்ற விடுவது இப்போது வேண்டாம், மூட்டுக்குப் பாரம். நொண்டல் அதிகமாகத் தெரிகிற நாளில் நடத்தவும் வேண்டாம், பிரஷ் மட்டும் போதும்.

கொட்டகை பற்றி ஒன்று சொல்லணும். மாட்டுக்குப் பின்னால் தனியாக என்றீர்கள். குதிரை கூட்டமாக வாழும் பிராணி, ஒண்டியாக நின்றால் ஏங்கும், கட்டையைக் கடிக்கும். இன்னொரு குதிரை வாங்கச் சொல்லவில்லை, ஒரு ஆடு போதும். எங்கள் பெண் குதிரை முன்பு தனியாக இருந்தபோது பொய்கைச் சந்தையில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கி விட்டோம், அதன் பிறகு இரவில் கனைத்துக் கத்துவது நின்றேவிட்டது. மாடுகளும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடுவில் இருக்கும் தட்டியை எடுத்துவிடுங்கள், ஆனால் தீவனத் தொட்டி மட்டும் தனித்தனி.

வெயிலுக்கு, அந்த சிமென்ட் ஷீட் மேல் தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள், பக்கச் சுவர் இருந்தால் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். நம் வேலூர் வெயிலில் குதிரை நாற்பது ஐம்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும், தொட்டி நிழலில் இருக்க வேண்டும், வெந்நீராகிவிட்டால் குடிக்காது. கல்லுப்புக் கட்டி ஒன்று தொங்க விடுங்கள். 37 டிகிரிக்கு மேல் போகும் ஊர்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை விலங்கை வண்டியிலோ சுமையிலோ பூட்டக் கூடாது என்று அந்த 1965 விதிகளிலேயே இருக்கிறது. நாங்கள் சித்திரை வைகாசியில் காலை ஏழுக்குப் பிறகு வெளியே எடுப்பதே இல்லை. சூடான குதிரை மேல் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். மூச்சு வாங்கி நின்றால் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், குடிக்கவும் விடுங்கள்.

பாப்பா ஒரு நோட்டுப் போட்டுக்கொள்ளட்டும். சும்மா நிற்கும்போது ஒரு நிமிஷத்துக்கு மூச்சு 8 முதல் 16, தாடைக்கு அடியில் நாடி 28 முதல் 44, உடம்புச் சூடு 37.5 முதல் 38.5 டிகிரி. உங்கள் குதிரைக்கு எது வழக்கம் என்று அமைதியான நாளிலேயே எழுதி வைத்திருந்தால், ஏதாவது ஆகும்போது டாக்டருக்குப் போனிலேயே சொல்லலாம். லத்தி போடாமல், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, காலால் தரையைக் கீறினால் காத்திருக்கவே வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.

ஆம்பூர் ஜட்கா வீட்டுப் பையன்:

அண்ணா, மேடம் சொன்னது என் கண்ணையும் திறந்துவிட்டது, எங்கள் வீட்டில் தவிட்டை மருந்து மாதிரி நினைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை லாடம் அடிக்கும் எங்கள் மாமாவை அழைத்துக்கொண்டு வருகிறேன், பள்ளிகொண்டா எங்களுக்கு ஒன்றும் தூரம் இல்லை. ஏறப் போவதில்லை என்பதால் இப்போது லாடமே வேண்டாம், கழற்றிக் குளம்பைச் சீவி வெறுங்காலாக விட்டுவிடலாம், உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டதா என்று மறக்காமல் கேளுங்கள், குதிரைக்கு அந்த நோய் சீக்கிரம் பிடிக்கும், கொட்டகையில் துருப்பிடித்த ஆணி, கம்பி எது இருந்தாலும் அதற்குள் பொறுக்கிவிடுங்கள். அந்தச் சேணத்தையும் எடுத்து வையுங்கள், முதுகில் வைத்துப் பார்த்துவிடலாம்.

பள்ளிகொண்டா விவசாயி:

வாங்க தம்பி, மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான். ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டேன், நாளைக்கு வந்து போடுகிறேன் என்றார். வேலியில் ரெண்டு அரளி இருந்தது, அப்பா காலையிலேயே வேரோடு தோண்டிவிட்டார். மல்லாட்டைக் கொடி எங்கள் சித்தப்பா வீட்டுப் போரில் நிறைய இருக்கிறது, நேற்று ஒரு கட்டு கொண்டு வந்து பிரித்துப் பார்த்தோம், பூசணம் இல்லை, இன்றிலிருந்து கோ-4 கூடக் கொஞ்சமாகக் கலந்து போட ஆரம்பித்திருக்கிறோம்.